கீழே வைக்கச் சொல்லும் வரை

சின்னவள் அன்றைக்கு வீட்டுச் சாவி வாங்கத்தான் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தாள். எடை தூக்க வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள்.

மோட்டார் பட்டறைக்கு மேலே இருந்த நீளமான மாடி அறைதான் கூடம். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் சுவரோரமாக அடுக்கிய எடைத் தட்டுகள். கூடத்தை நடத்தும் மாஸ்டர் அவற்றை யாரிடமோ பழசாக வாங்கி, புதுசுபோல இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார். அழகாகத்தான் இருந்தன. ஆனால் எது எத்தனை கிலோ என்று எழுதியிருந்ததும் பெயின்ட்டுக்குள் போய்விட்டது. பத்தும் பதினைந்தும் ஒரே வட்டம். பதினைந்து கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். பழகியவர்கள் கண்ணால் பார்த்தே எடுப்பார்கள். புதிதாக வந்தவர்கள் கேட்டுக் கேட்டு எடுப்பார்கள்.

தையல்காரி பழகியவள். திரைச்சீலைக் கடையில் நாள் முழுக்கக் குனிந்து தைத்து, ஒருநாள் துணிச் சுருளைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகுக்கு வலு சேர்க்காவிட்டால் இன்னும் மோசமாகும் என்றார் மருத்துவர். அப்படித்தான் நாற்பதை நெருங்கும் வயதில் இந்த மாடிப்படி ஏறினாள். முதல் நாள் தட்டு எதுவும் மாட்டாத வெறும் கம்பியே அவளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிவைத்தது. மெலிந்த உடம்பு, தையல் வேலை, இரண்டையும் சேர்த்துக் கூடத்தில் அவளுக்கு 'நூல்' என்று பேர் வைத்தார்கள். அவள் கோபப்படவில்லை. இருப்பதிலேயே சின்னத் தட்டுக்கு அங்கே 'பிஸ்கட்' என்று பேர். பக்கத்துக்கு ஒரு பிஸ்கட்டாகச் சேர்த்துக்கொண்டே போனாள். மூன்று வருஷத்தில், தரையிலிருந்து கம்பியை இழுத்துத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் டெட்லிஃப்ட்டில் தொண்ணூறைத் தாண்டியிருந்தாள்.

தொண்ணூறு ஏற்றிய அந்தக் கம்பிதான் சின்னவள் வந்தபோது தரையில் கிடந்தது.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி. கணவனின் தம்பி மனைவி. ஒரே வீட்டில் மேல் தளத்தில் குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை. தையல்காரியைவிடக் குள்ளம், எடை என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"இதையா அக்கா மூணு வருஷமா தூக்குறீங்க?" என்றாள். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மாஸ்டர், கூடத்துக்கு வழக்கமாக வருகிற போஸ்ட்மேனைப் பார்த்துக் கண்ணடித்தார். "தூக்கித்தான் பாருங்களேன்."

சின்னவள் தோள்பையைக் கழற்றவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. குனிந்தாள், பிடித்தாள், நிமிர்ந்தாள். கம்பி அவள் தொடையோரம் வந்து நின்றது. நாலு பக்கமும் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"இதை எங்க வைக்கணும்?"

மேசையை நகர்த்தும்போது கேட்பார்களே, அந்த மாதிரி. கூடமே வாயைப் பிளந்தது. மாஸ்டர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். நூறு. அதையும் தூக்கினாள்.

"நூலு! மூணு வருஷமா நீ உருட்டினதை இவங்க செருப்புகூடக் கழட்டாம தூக்கிட்டாங்களே!" என்றார் போஸ்ட்மேன்.

"பிறவிப் பலம்யா இது" என்றார் மாஸ்டர். கண்கள் பளபளத்தன. "கடவுள் குடுத்தது. பயிற்சியில எல்லாம் இது வராது."

தையல்காரி, பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பூசியிருந்த சுண்ணப்பொடியைத் தட்டிவிட்டு, சாவியை எடுத்துக் கொடுத்தாள். "அடுப்புல பால் இருக்கு. பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

*

மறுநாள் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

கூடங்களுக்கு இடையிலான எடை தூக்கும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு உடல் எடைப் பிரிவுக்கு ஒரு கூடம் ஒருத்தியைத்தான் அனுப்பலாம். அந்த இடத்தை அவளுக்கென்று போன மாதமே சொல்லியிருந்தார்.

"சொன்னேன், இல்லன்னு சொல்லல" என்றார் மாஸ்டர். "ஆனா சின்னவங்களும் அதே பிரிவு. இப்பவே நூறு. நாலு வாரம் விட்டா எங்கேயோ போயிடுவாங்க. நம்ம கூடத்துக்கு ஒரு மெடல் வரட்டுமே. நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு..."

"தப்பாத்தான் எடுத்துக்குவேன்" என்றாள் தையல்காரி.

மாஸ்டர் திகைத்தார். அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை.

"எனக்கு மெடல் வேணாம் மாஸ்டர். அங்க மூணு நடுவர் உக்காந்திருப்பாங்க. என்னை யாருன்னே தெரியாது அவங்களுக்கு. நான் யார் வீட்டு மருமக, என் வயசு என்ன, இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. தூக்கினேனா இல்லையான்னு மட்டும் சொல்லுவாங்க. மூணு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வரேன். என்கிட்ட கேக்காம எடுத்துக் குடுத்துட்டீங்க."

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"போட்டியில எப்படியோ அப்படியே இங்க வெச்சுப் பாருங்க. மூணு வகைத் தூக்கு, ஒவ்வொண்ணுக்கும் மூணு வாய்ப்பு. மொத்தக் கிலோ யாருக்கு அதிகமோ அவங்க போகட்டும். அவ ஜெயிச்சா நானே அவ பையைத் தூக்கிட்டுப் போறேன்."

வீட்டில் கணவன் ரொட்டி வேனைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். விஷயம் ஏற்கெனவே மேல் தளம் வழியாகக் கீழே இறங்கியிருந்தது.

"விட்டுக் குடுத்துடேன்" என்றான். "குடும்பத்துக்குள்ளதானே."

"உங்க வேனை உங்க தம்பிக்கு விட்டுக் குடுங்களேன் பாப்போம். அவரும் நல்லாத்தான் ஓட்டுறாரு. குடும்பத்துக்குள்ளதானே?"

அவன் எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தான். அவளுடைய முறை அது. அவன் கழுவி அடுக்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படுக்கும் முன் வழக்கம்போலக் கண்ணை மூடினாள். அவள் கடவுளிடம் அதிகம் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குச் சண்டைக்கே போனாள். 'அவளுக்கு நீ குடுத்தது எல்லாருக்கும் தெரியுது. எனக்கு நீ குடுத்ததை மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாத மாதிரி வெச்சுட்டியே. அது பரவாயில்ல. ஆனா அதை இல்லன்னு சொல்ல நான் விட மாட்டேன்.'

*

ஒரு வாரம் போயிருக்கும். மாஸ்டர் அவள் கேட்டதற்குச் சம்மதித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்திருந்தார், சின்னவளும் கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சின்னவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கோவமா?"

"கோவம்தான். உள்ள வா."

"கம்பியைத் தோள்ல வெச்சு உக்காந்து எந்திரிக்கணும்ல, அது எனக்கு வர மாட்டேங்குது. மாஸ்டர்கிட்ட கேட்டா, உங்களுக்கு எதுக்கும்மா சொல்லித் தரணும், எல்லாம் தானா வரும்ங்குறார். எடையை மட்டும் ஏத்திக்கிட்டே போறார். முட்டி வலிக்குது அக்கா."

தையல்காரி அடுப்பை அணைத்தாள். சொல்லிக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று முறையும் ஆழமாக உட்காராமல் எழுந்தால் மூன்றும் செல்லாது. மொத்தக் கணக்கிலிருந்தே சின்னவள் போய்விடுவாள். தான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே இடம் தனக்குத்தான். ஒரு நிமிஷம் அந்த ஆசை அவள் நெஞ்சில் வந்து உட்காரத்தான் செய்தது. நல்லவர்கள் என்று நாம் சொல்கிறவர்களுக்கும் அது வரும். வந்ததை உட்காரவைத்து உபசரிக்காமல் அனுப்புவதில்தான் வித்தியாசம்.

துடைப்பத்தின் கட்டையைக் கழற்றிச் சின்னவளின் தோளில் வைத்தாள்.

"உக்காரு. இன்னும். தொடை மடியிற இடம் முட்டிக்குக் கீழ போகணும். குதிகால் தூக்காதே! ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு அடியில இருக்கிறதை எடுக்க எப்படி உக்காருவே?"

"ஓ, அதுவா?" என்று சின்னவள் சட்டென்று சரியாக உட்கார்ந்தாள்.

"அதேதான். இன்னொண்ணு. தூக்கினது பாதிதான். நடுவர் 'கீழே'ன்னு சொல்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே பாரு, அது மீதிப் பாதி. முன்னாடியே வெச்சுட்டா நீ தூக்கவே இல்லைன்னு கணக்கு."

சின்னவள் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, மாஸ்டர் பிறவிப் பலம் பிறவிப் பலம்ங்குறாரே... பொறந்தப்போ நான் ரெண்டு கிலோகூட இல்லையாம். கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்களாம்."

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. எங்க அப்பா படுத்த படுக்கையா கிடந்தாரே, எட்டு வருஷம். பெரிய ஆளு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் போடணும், இல்லைன்னா முதுகு புண்ணாயிடும். வீட்டுல நான் மட்டும்தான். கல்யாணம் ஆகி வந்தா வேலையிலயும் அதேதான். யாரும் கை தட்டல. இப்போ ஒரு இரும்பைத் தூக்கினதும் கடவுள் குடுத்தார்னுட்டாங்க. குடுத்தாராம்! நான் என்ன சும்மாவா வாங்கினேன்?"

தையல்காரியின் சிரிப்பு நின்றது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அந்த எட்டு வருஷத்தைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"எந்திரி" என்றாள். "இன்னும் நாலு தடவை உக்காரு. அப்புறம் சாப்பிட்டுட்டுப் போ."

*

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரியின் கணவனும் வந்து, யார் பக்கம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று நடுவில் உட்கார்ந்திருந்தான். நடுவர் மாஸ்டர். தட்டு ஏற்றத் தனி ஆள் வைக்காததால் ஒருத்திக்கு இன்னொருத்தி ஏற்றிவிட வேண்டும். கூடத்தில் எப்போதும் அப்படித்தான்.

சின்னவள் முதல் முறை உட்கார்ந்து எழுந்தது செல்லவில்லை. ஆழம் போதாது. அவள் தையல்காரியைத் திரும்பிப் பார்த்தாள். தையல்காரி வாயைத் திறக்காமல், கட்டிலுக்கு அடியில் துழாவுவதுபோல் ஒரு கையை மட்டும் அசைத்துக் காட்டினாள். அடுத்தது சுத்தமாக வந்தது.

"இதை யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் மாஸ்டர்.

"தானா வந்துச்சு" என்றாள் சின்னவள். நாற்காலிகளில் சிரிப்பு.

உட்கார்ந்து எழுவதிலும், மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தள்ளுவதிலும் தையல்காரி முன்னால் இருந்தாள். டெட்லிஃப்ட்டில் சின்னவள் நூற்றுப் பன்னிரண்டரை தூக்கி, எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் சரிக்கட்டிவிட்டாள். தையல்காரிக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். போஸ்ட்மேன் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து, உரக்கச் சொன்னார்: "நூலு, நூத்தி ரெண்டரை தூக்கினா இடம் உனக்கு. இல்லைன்னா சின்னவங்களுக்கு."

அவள் இதுவரை தூக்கியதில் அதிகம் தொண்ணூற்று ஏழரை. அது சற்று முன்பு இதே கம்பியில் தூக்கியதுதான். அதற்கே கண்ணில் பூச்சி பறந்தது.

சின்னவள் தட்டுகளை மாற்றினாள். தையல்காரி கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். போய்ப் பிடித்தாள். இழுத்தாள்.

கம்பி வந்துவிட்டது.

"கீழே!" என்றார் மாஸ்டர். வைத்தாள். கைதட்டல் கூரையைத் தொட்டது. கணவன் நடுநிலையை எல்லாம் மறந்து நாற்காலிமேல் ஏறி நின்றான். போஸ்ட்மேன் விசில் அடித்தார்.

தையல்காரி மட்டும் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தைய தடவை வலித்த அளவுக்கு வலிக்கவில்லை. கூடிய எடை எப்படி லேசாகும்? மூன்று வருஷம் பிஸ்கட் பிஸ்கட்டாக ஏற்றியவளுக்கு ஒரு பிஸ்கட் குறைந்தாலே தெரியும். குனிந்து கம்பியின் நுனியைப் பார்த்தாள். தட்டுகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு, இருக்க வேண்டியதைவிட ஒரு விரல் அதிகம் தெரிந்தது. மறுபக்கமும் அப்படியே. பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் பத்து.

"இது நூத்தி ரெண்டரை இல்ல" என்றாள்.

கைதட்டல் தேய்ந்து நின்றது.

"என்னம்மா சொல்றீங்க?" மாஸ்டர் வந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "அட, இந்தப் பெயின்ட்டு... யாரும் கவனிக்கல, விடுங்களேன். எல்லாருக்கும் சந்தோஷம்தான்."

"நான் கவனிச்சேனே."

அவள் திரும்பினாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். புதிதாக வந்தவள் தட்டைத் தவறாக எடுத்துவிட்டாள் என்று யார் வேண்டுமானாலும் நம்புவார்கள். ஆனால் தெரியாமல் தவறு செய்தவர்கள் அப்படிக் கழுத்தை மடித்துக்கொண்டு நிற்பதில்லை.

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"இந்த இடம் உங்களுக்குத்தான் அக்கா போகணும். அன்னைக்கு நான் சும்மா சாவி வாங்க வந்தவ. நீங்க எனக்கு உக்காரச் சொல்லிக் குடுத்தீங்க. நான் என்ன பண்றது பதிலுக்கு? என்கிட்ட வேற என்ன இருக்கு?" சின்னவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "வேணும்னா நான் விலகிக்கிறேன்."

"விலகினே, பாரு! அப்புறம் நான் யாரை ஜெயிக்கிறது?" தையல்காரி அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "எட்டு வருஷம் உங்க அப்பாவைப் புரட்டினியே. அவர் அவ்வளவு கனமெல்லாம் இல்ல, லேசாத்தான் இருந்தாருன்னு ஒருத்தர் சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?"

சின்னவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. உன் மனசு எனக்குத் தெரியும்டி. ஆனா என் கம்பியில இருந்து ஒரு கிலோகூடக் குறைக்கிற உரிமை உனக்கு இல்ல, மாஸ்டருக்கு இல்ல, யாருக்கும் இல்ல. போய்ச் சரியா ஏத்து."

"ஏத்தினதுல தப்பு இருந்தா மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு" என்றார் மாஸ்டர் மெல்ல. "ஆனா இப்போதான் இழுத்திருக்கீங்க. கை ஓய்ஞ்சிருக்கும்."

"ஓயட்டும். அஞ்சு நிமிஷம் குடுங்க."

சின்னவள் தட்டுகளை மாற்றினாள். இந்த முறை மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு ஏற்றினாள். பிறகு வந்து துண்டால் விசிறினாள்.

"எனக்கு ஏதாவது செய்யணும்னு இருந்தா இந்த இடுப்பு பெல்ட்டை இழுத்துக் கட்டு" என்றாள் தையல்காரி. "அந்தக் கடைசி ஓட்டைக்கு என் கை பலம் பத்த மாட்டேங்குது. எப்பவும் ஒரு ஓட்டை முன்னாடிதான் போடுவேன்."

சின்னவள் அவள் முதுகில் முழங்கையை ஊன்றி, நோயாளிக்குக் கட்டுப்போடுகிற கவனத்தோடு இழுத்தாள். பெல்ட் கடைசி ஓட்டையில் போய் விழுந்தது. வயிறு கல்லாக நின்றது. எதிலும் குறை வைக்காமல் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடியது உலகத்தில் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

தையல்காரி குனிந்தாள்.

கம்பி அசையவில்லை. தரையில் ஒட்டவைத்ததுபோல் இருந்தது. அவள் விடவில்லை. பாதங்களால் தரையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒரு முடி அளவு இடைவெளி தெரிந்தது. கணுக்காலைத் தாண்டியது. முழங்காலுக்குக் கீழே வந்து அங்கேயே நின்றுவிட்டது. முதுகு நடுங்கியது. யாரோ "போதும், விட்டுடு" என்றார்கள். போதும் என்று சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்! மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த சொல் அது. அவள் பல்லைக் கடித்தாள். கம்பி முழங்காலைத் தாண்டியது. தொடையை உரசிக்கொண்டு ஏறியது. தோள்கள் பின்னால் போயின. நிமிர்ந்துவிட்டாள்.

மாஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றார். திறந்த வாயிலிருந்து சொல் வரவில்லை.

அவள் நின்றாள்.

"கீழ வைங்க அக்கா!" என்று சின்னவள் கத்தினாள். "நூலு, வெச்சுடும்மா!" என்றார் போஸ்ட்மேன். கணவன் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்துவிட்டான். அவர்கள் யாரும் நடுவர் இல்லை. அவள் வைக்கவில்லை. சின்ன விரல் கம்பியிலிருந்து கழன்றது. அடுத்த விரலும் வழுக்கியது. மீதி விரல்களால் இறுக்கிக்கொண்டு, நேராக மாஸ்டரின் கண்ணைப் பார்த்து, பல்லிடுக்கில் சொன்னாள்:

"சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் திடுக்கிட்டார். அவர் கை தானாக இறங்கியது.

"கீழே!"

அவள் அதைப் போடவில்லை. தைத்து முடித்த துணியை மேசையில் வைப்பதுபோலக் கொண்டுவந்து வைத்தாள். அதற்கப்புறம்தான் அவள் கால் மடங்கியது. விழுவதற்குள் சின்னவளின் கைகள் அவளைத் தாங்கிவிட்டன. ஆளைத் தாங்குவது அவளுக்குப் புதிது அல்லவே.

"செல்லும்" என்றார் மாஸ்டர். "செல்லும்மா. நீங்கதான் போறீங்க." பிறகு யாரிடமோ ஒரு பழைய கத்தியை வாங்கிக்கொண்டு போய், சுவரோரம் உட்கார்ந்து, தட்டுகளின் பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

சின்னவள் தையல்காரியின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே காதருகில் சொன்னாள்: "அக்கா, இந்த வருஷம் உங்களுதுதான். அடுத்த வருஷம் நான் இன்னும் நிறையத் தூக்குவேன். அப்போ என்கிட்ட கோவிச்சுக்கக் கூடாது."

"தூக்கேன்! யார் வேணாம்னா?" மூச்சு வாங்கியபடி தையல்காரி அவள் தோளைப் பிடித்து எழுந்தாள். "உன் தட்டை நானே ஏத்தி விடுறேன். ஒரு பிஸ்கட்கூடக் குறையாது, பாத்துக்கோ."